கைறுன்னிஸாவின் நீண்ட ஸுஜூது

மாத்தளைக்குப் பக்கத்தில், பலாபத்வலையில் ரோட்டோரமாகக் கடை வைத்திருந்த இத்ரூஸின் மனைவி கைறுன்னிஸாவை, ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷத்துக்கு மேலாக, ஊர் ஒரு பெரிய இறைநேசச் செல்வியாக நம்பிக்கொண்டிருந்தது. நம்பியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைத்துப் பணிவதை ஸுஜூது என்பார்கள். மற்றப் பெண்கள் குனிந்து ஓதவேண்டியதை ஓதி எழும்பிவிடுகிற அந்த இடத்தில், கைறுன்னிஸா குனிந்தால் குனிந்ததுதான். பக்கத்து வீட்டு மஸீனா உலை வைக்கும்போது குனிந்தவள், மஸீனா கஞ்சி வடித்து, தேங்காய் துருவி, சம்பல் இடித்து, கையைத் துடைத்துக்கொண்டு வேலியால் எட்டிப் பார்க்கும்போதும் அப்படியே கிடப்பாள்.

உண்மை என்னவென்றால், அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இதைக் கடைசிவரை ஒளித்துவைத்து வாசகரை ஏமாற்றலாம். ஆனால் ஊரே ஏமாந்துபோனபோது வாசகராவது விஷயம் தெரிந்தவராக இருக்கட்டும். தனியாகச் சிரிப்பதைவிட இரண்டு பேராகச் சிரிப்பது நல்லது.

கடைசிப் பிள்ளை ஹமீமா பிறந்து நாற்பது நாள் கழிந்த பிறகுதான் அது தொடங்கியது. அதற்கு முன்பு கைறுன்னிஸா சுறுசுறுப்புக்குப் பேர்போனவள். முற்றத்தில் காயும் கொக்கோ விதையையும் மிளகையும் மழை தூறுமுன் ஒற்றை ஆளாக அள்ளி உள்ளே போட்டுவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு இப்போது பாயிலிருந்து எழும்புவதே பெரும்பாடாகிவிட்டது. ராத்திரி முழுக்கத் தூங்கினாலும் காலையில் உடம்பு ஒரு மூட்டை நெல்லைச் சுமந்தது மாதிரி வலித்தது. வாசலைக் கூட்டப் போனால் பாதியில் ஈர்க்கிலைப் பிடித்துக்கொண்டே கண் சொக்கியது. சாப்பாடு குறைந்தது, உடம்போ பெருத்தது. முகம் ஊதி வெளிறியது, தலைமயிர் கையோடு வந்தது, தொண்டை கட்டிக் குரல் ஆண்பிள்ளைக் குரலாகியது. மாத்தளை வெயிலில் ஊரே விசிறிக்கொண்டிருக்க, அவள் இத்ரூஸின் பழைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு குந்தியிருந்தாள்.

"ரத்தம் பத்தல்ல" என்று டிஸ்பென்சரியில் ஒரு போத்தல் மருந்து கொடுத்தார்கள். அது பல்லைக் கறுப்பாக்கியதோடு சரி. "மூணு புள்ள பெத்தா எல்லாருக்கும் அப்பிடித்தான்" என்றாள் மஸீனா. "சோம்பல்" என்றான் இத்ரூஸ். அவன் கெட்டவன் அல்ல. விடிந்தால் சைக்கிளில் ஏறி ஊர் ஊராக மிளகும் கொட்டைப்பாக்கும் வாங்கி வருகிறவனுக்கு, களைப்பென்றால் சைக்கிள் மிதித்து வருவது மட்டும்தான். வீட்டில் உட்கார்ந்துகொண்டே ஒருத்தி எப்படிக் களைத்துப்போக முடியும் என்பது அவனுக்கு அப்போது விளங்கவில்லை.

களைப்பு வேலையை நிறுத்தலாம், பிள்ளைகளை நிறுத்துமா? மூத்தவன் ஸக்கரியாவுக்கு ஆறு வயது, நடுவிலவள் ஹிதாயாவுக்கு நாலு, ஹமீமா தவழத் தொடங்கியிருந்தாள். மூன்றையும் கைறுன்னிஸா சூழ்ச்சியால் வளர்த்தாள். பருப்பையும் மிளகையும் ஒரு சுளகில் கொட்டிக் கலந்து, "வாப்பாவுக்கு அவசரமா வேணுமாம், பிரிச்சு வைங்க" என்று கொடுப்பாள். இரண்டும் குந்தியிருந்து சமர்த்தாகப் பிரிக்கும். அவள் சுவரில் சாய்ந்து ஒரு தூக்கம் போடுவாள். அடுத்த நாள் அதே பருப்பையும் அதே மிளகையும் மறுபடி கலந்து கொடுப்பாள். தங்கள் வாப்பா கடையில் இத்தனை பருப்பு விற்கிறதே என்று ஸக்கரியா வெளியில் பெருமை பேசிக்கொண்டு திரிந்தான். இன்னொன்று டாக்டர் விளையாட்டு. உம்மா நோயாளி, படுத்துக்கொள்வாள். பிள்ளைகள் டாக்டர், பப்பாசித் தண்டை நெஞ்சில் வைத்துப் பார்க்கும். அந்த விளையாட்டில் அவளுக்கு நடிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. தவழ்கிறவளுக்குத்தான் சூழ்ச்சி எடுபடவில்லை. அவளுடைய காலையும் தன் முந்தானையையும் சேர்த்து முடிந்துகொண்டு தூங்குவாள்.

ஒரு நாள் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. அன்று பார்த்துத்தான் கலேவெலையிலிருந்து இத்ரூஸின் அக்கா, ஸுபைதா ராத்தா வந்து இறங்கினாள். பஸ்ஸை விட்டு இறங்கிய அவள் முதலில் கண்டது, ரோட்டின் தார் விளிம்பில் உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்த ஹமீமாவை. லொறி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப்போனது. ஸுபைதா பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தபோது, அடுப்பில் சோறு தீய்ந்துகொண்டிருந்தது, உம்மாக்காரி அரிசி மூட்டையில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஸுபைதாவுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் மீராசாஹிபுக்கு வயலும் வீடும் மாடும் உண்டு, விளையாட ஒரு பிள்ளைதான் இல்லை. சொந்தத்துக்குள் ஒரு பிள்ளையை எடுத்து வளர்ப்பது அந்தக் குடும்பங்களில் புதிதல்ல. ஹமீமா பிறந்த நாளிலிருந்தே ஸுபைதாவின் கண் அவள் மேல் இருந்தது. இப்போது வாயும் திறந்தது.

"தம்பி, இவள நான் கொண்டு போறேன். அங்க எனக்கு என்ன வேலை, இவளப் பாக்கிறதுதான் வேலை. இங்க இருந்தா ரோட்டுல போயிடுவா."

கைறுன்னிஸா அழுதாள். தார் ரோட்டில் குந்தியிருந்தது அவள் பிள்ளை. அன்று அவள் அழுத அழுகையில் பொய் இல்லை. அதைப் பார்த்துத்தான் இத்ரூஸ் கொஞ்சம் இளகினான்.

"இந்த ஒரு தடவை விடுங்க ராத்தா. அடுத்த வருஷ அறுப்பு முடிஞ்சு வருவீங்கதானே. அப்பவும் இவ இப்பிடிப் பகல்ல தூங்கிக் கிடக்கிறதப் பாத்தா, புள்ளயத் தூக்கிட்டுப் போங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஆக, கைறுன்னிஸா பகலில் தூங்கக்கூடாது. அடுத்த அறுப்பு வரைக்கும் ஒரு பொல்லாப்பும் இல்லாமல் முழித்திருக்க வேண்டும். அது அவளால் முடியாத காரியம்.

வழியை அவள் தேடிப் போகவில்லை, வழிதான் அவளைத் தேடி வந்தது. ஒரு நாள் நடுப்பகல், லுஹர் நேரம், கடமையான தொழுகையை ஒழுங்காக முடித்துவிட்டு, மேலதிகமாக இரண்டு ரக்அத் நபில் தொழ நின்றாள். ஸுஜூதில் நெற்றியை வைத்தாள். பாய் குளிர்ச்சியாக இருந்தது. அவ்வளவுதான் அவளுக்கு ஞாபகம். கண்ணை விழித்தபோது பின்னேரத் தொழுகையான அஸருக்கு நேரமாகியிருந்தது, வீடு அமைதியாக இருந்தது, வாசலில் மஸீனா பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தாள்.

"சத்தம் போடாதீங்க. உம்மா தொழுறா. தொழுறவ முன்னால போனா பாவம்."

கைறுன்னிஸாவுக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இந்த வீட்டில் படுத்திருக்கிறவளை எழுப்பலாம், உட்கார்ந்திருக்கிறவளைக் கூப்பிடலாம், சாப்பிடுகிறவளைக்கூட வேலை ஏவலாம். தொழுகிறவளை ஒருவரும் தொடமாட்டார்கள். ஒரு பொம்பிளைக்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே பூட்டுப்போட்ட அறை அந்தப் பாய்தான்.

அவளிடம் ஒரு நேர்மை இருந்தது, அதையும் சொல்லவேண்டும். கடமையான தொழுகையில் அவள் ஒருநாளும் தூங்கியதில்லை. கள்ளமெல்லாம் நபிலில்தான். அதையும் ஆண்டவனிடம் ஒளிக்கவில்லை. "யா அல்லாஹ், நீ பாத்துக்கிட்டுத்தான் இருக்கிறாய். என் புள்ள என்கிட்ட இருக்கணும். வேற வழி தெரியல்ல. மத்தவங்களுக்குத்தான் இது தொழுகை, உனக்குத் தெரியும் இது தூக்கம்" என்று சொல்லிவிட்டே குனிவாள். வேலிப்பக்க ஜன்னல் மட்டும் திறந்திருக்க, வாசல் கதவைச் சாத்தி, அதன் குறுக்கே மிளகு மூட்டையை இழுத்துப் போட்டு, ஹமீமாவைத் தன் பக்கத்தில் விட்ட பிறகுதான் குனிவாள்.

ஊர் கண்ணால் கண்டதை நம்பியது. மஸீனாதான் முதல் சாட்சி. தன் மகளுக்கு வரன் அமையாமல் இழுபட்டுக்கொண்டிருந்ததைச் சொல்லி, அல்லாஹ்விடம் இறைஞ்சி துஆக் கேட்கச் சொன்னாள். பாதித் தூக்கத்தில் இருந்த கைறுன்னிஸா, "ம்ம், நடக்கும்" என்றாள். அந்த மாதமே உக்குவளையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து பேசி முடித்துவிட்டார்கள். பிறகு கேட்கவா வேண்டும்.

நோயின் குறிகள் ஒவ்வொன்றும் அவளுக்குப் புகழாகிப் போனதுதான் வேடிக்கை. ஊதி வெளிறிய முகத்தில் நூர் என்கிற இறையொளி இறங்கியிருக்கிறது என்றார்கள். வீங்கிய கண்கள் நடுநிசித் தஹஜ்ஜுத் தொழுகையில் அழுது வீங்கியவையாம். கட்டிப்போன குரல் ஓதி ஓதிக் கட்டியதாம். கேட்ட கேள்விக்கு அவள் மெதுவாகத்தான் பதில் சொன்னாள், சொல் வருவதற்கே நேரமெடுத்தது. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பேசுகிறாள் என்றார்கள். கொஞ்சமாகச் சாப்பிட்டும் உடம்பு பெருத்திருந்தது, அதற்கு இறைவன் தந்த பரக்கத் என்று பேர் வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக அவள் கை. காய்ச்சலில் கொதிக்கும் குழந்தையின் நெற்றியில் அவள் கை வைத்தால், குழந்தை அழுகையை நிறுத்திவிடும். நிறுத்தாமல் என்ன செய்யும், அந்தக் கை கிணற்றுத் தண்ணீராகச் சில்லிட்டிருந்தது. மலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து அந்தோனியம்மா என்றொருத்தி, ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டே, பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கி வந்தாள். "மாதாகிட்டயும் சொல்லியிருக்கேன், உங்ககிட்டயும் சொல்லி வைக்கிறேன்" என்றாள்.

இதில் கைறுன்னிஸாவுக்கு ஒரு கஷ்டம் வந்து சேர்ந்தது. துஆக் கேட்க வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்ற வேண்டும். இறைநேசச் செல்வியின் வீட்டில் வெறும் வாயோடு யாரையாவது அனுப்ப முடியுமா? தூங்குவதற்காகத் தொழப்போனவள், தொழுததால் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றி ஊற்றி முன்னைவிடக் களைத்தாள். களைத்ததால் ஸுஜூது இன்னும் நீண்டது, நீண்டதால் கூட்டம் இன்னும் கூடியது. வந்தவர்கள் போகிற வழியில் கடையில் சீனியும் பருப்பும் வாங்கினார்கள். இத்ரூஸ் "சோம்பல்" என்ற சொல்லையே மறந்துபோனான். வெள்ளிக்கிழமைகளில் தொப்பியைக் கொஞ்சம் உயர்த்திப் போடவும் பழகிக்கொண்டான்.

அறுப்பு முடிந்தது. ஸுபைதா புது அரிசியும் வெள்ளரிக்காயுமாக வந்து இறங்கினாள். தம்பி வாசலிலேயே பெருமையாகச் செய்தியைச் சொன்னான். ஸுபைதா வெள்ளரிக்காயை இறக்கிவைத்தபடி கேட்டுக்கொண்டாள். மாடு வாங்கும்போதுகூடப் பல்லைப் பார்க்காமல் காசு கொடுக்காதவள் அவள்.

மறுநாள் லுஹர் முடிந்து கைறுன்னிஸா வழக்கம்போல் நபிலுக்கு நின்றாள். மதினி வீட்டில் இருப்பதால் அன்று தூங்கக்கூடாது என்று வைராக்கியமாகத்தான் குனிந்தாள். வைராக்கியம் குனிகிற வரைக்கும்தான் நின்றது. ஸுபைதா சற்றுத் தள்ளி வெங்காயம் உரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஹமீமா உம்மாவின் முதுகில் ஏறினாள். முக்காட்டைப் பிடித்து இழுத்தாள். காதுக்குள் விரலை விட்டாள். பிறகு முதுகில் உட்கார்ந்து குதிரை ஓட்டினாள். பாயிலிருந்து மெல்லிய குறட்டை எழும்பியது.

ஸுபைதா வெங்காயத்தை வைத்துவிட்டு எழுந்தாள். கடையில் இருக்கும் தம்பியை ஒரு குரல் கூப்பிட்டால் போதும், பிள்ளை அவளுடையது. வாயையும் திறந்தாள். அதற்குள் ஹமீமா முதுகிலிருந்து சறுக்கி விழப்போக, அவளைப் பிடிக்கக் குனிந்தாள், பிடித்த கை கைறுன்னிஸாவின் பாதத்தில் பட்டது. வெயில் கூரையைப் பிளக்கிற நேரத்தில் அந்தப் பாதம் ஐஸாகக் கிடந்தது. ஸுபைதா கையை எடுக்கவில்லை. அமுக்கிப் பார்த்தாள். தடித்து, வறண்டு, மரத்துப்போன பாதம்.

கைறுன்னிஸா கண்ணைத் திறந்தபோது மதினியின் முகம் பக்கத்தில் இருந்தது.

"எவ்வளவு நாளா இந்த வேஷம்?" என்றாள் ஸுபைதா, தணிந்த குரலில்.

கைறுன்னிஸாவுக்குப் பொய் சொல்லவும் தெம்பு இல்லை. "படுத்தா ஏசுறாங்க மதினி. தொழுதா ஒருத்தரும் ஏசுறதில்ல."

ஸுபைதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கைறுன்னிஸா சிரிக்கவில்லை.

"சத்தியமா சோம்பல் இல்ல. எழும்ப ஏலாம இருக்கு. என்னான்னு தெரியல்ல. ஹமீமாவக் கொண்டு போயிடாதீங்க மதினி."

ஸுபைதா சிரிப்பை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் மடியிலிருந்த பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "கால் ஏன் இப்பிடிக் குளிர்ந்து கிடக்கு?" என்று கேட்டாள்.

"எப்பவும் அப்பிடித்தான்."

"எப்பவும் அப்பிடின்னா அது நோய். நாளைக்கு மாத்தளைக்குப் போறோம்."

ஆனால் இத்ரூஸை எப்படி இணங்க வைப்பது? துஆவால் ஊரைக் குணப்படுத்துகிறவள் டாக்டர் வீட்டு வாங்கில் மற்ற நோயாளிகளோடு குந்தியிருந்தால் கடை என்னாவது? கைறுன்னிஸாவின் கள்ளத்தைக் கண்டுபிடித்தவளே இப்போது கள்ளத்தில் இறங்கினாள். "மாத்தளை டாக்டர் ரபாயேல் வீட்டுல யாருக்கோ சுகமில்லையாம். இவ வந்து துஆக் கேட்கணும்னு ஆசைப்படுறாங்களாம்" என்று தம்பியிடம் அளந்தாள். இத்ரூஸ் தானே கார் பிடித்துக் கொடுத்து, புதுக் குடையும் வாங்கி வந்தான்.

டாக்டர் ரபாயேல் கேள்வி கேட்பதில் பொறுமைசாலி. பதில் வர நேரமாகியும் அவசரப்படுத்தவில்லை. கழுத்தைத் தடவிப் பார்த்தார். புருவத்தின் ஓரம் உதிர்ந்திருந்ததைக் கவனித்தார். பிறகு கைறுன்னிஸாவை ஒரு கதிரையில் முழங்காலிட்டு, கதிரையின் முதுகைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவளுக்குப் பழக்கமான இருப்பு. குதிகாலுக்கு மேலே சின்ன ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். பாதம் துள்ளியது. ஆனால் பழைய இடத்துக்குத் திரும்ப அதற்கு மனமே வரவில்லை, மெதுவாக, யோசித்து யோசித்துத் திரும்பியது. டாக்டர் இன்னொரு தடவை தட்டினார். மறுபடி அதே கதை.

"சரி, இறங்குங்க" என்றார்.

கதிரையின் முதுகில் நெற்றியை வைத்து இறைநேசச் செல்வி தூங்கிப்போயிருந்தாள்.

"தொண்டையில தைரொயிட் என்கிற ஒரு சுரப்பி இருக்கு" என்றார் டாக்டர், அவளை எழுப்பி உட்காரவைத்த பிறகு. "உடம்பு எந்த வேகத்துல ஓடணும்னு சொல்றது அதுதான். உங்களுக்கு அது சரியா வேலை செய்யல்ல. புள்ள பெத்த பிறகு சில பேருக்கு இப்பிடி வாறதுண்டு. ரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்புவோம், ஆனா எனக்குச் சந்தேகமில்ல. காலையில வெறும் வயித்துல ஒரு மாத்திரை. சின்னதா தொடங்கிக் கூட்டுவோம். நல்லாயிட்டுதுன்னு நிப்பாட்டக் கூடாது."

"அப்ப இது சோம்பல் இல்லையா டொக்டர்?"

"சோம்பலா? இந்த உடம்ப வச்சுக்கிட்டு மூணு புள்ளைய எப்பிடிப் பாத்தீங்கன்னுதான் நான் யோசிக்கிறேன்."

கைறுன்னிஸா அங்கேயே அழுதாள். நோய் என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டு அழுத ஒருத்தியை டாக்டர் அதற்கு முன் கண்டிருக்க மாட்டார்.

மாத்திரை உடனே வேலை செய்யவில்லை. அந்த நாட்களை ஸுபைதா தன் தோளில் தாங்கினாள். கலேவெலைக்குப் போகாமல் தங்கி, சமைத்தாள், பேன் பார்த்தாள், துஆக் கேட்க வந்தவர்களை வாசலிலேயே தேத்தண்ணி இல்லாமல் அனுப்பினாள். கைறுன்னிஸாவை அறைக்குள் விட்டு, "பாயில தூங்கத் தேவையில்ல, கட்டில்ல தூங்கு. யார் ஏசுறாங்கன்னு பாப்போம்" என்று கதவைச் சாத்தினாள். இத்ரூஸிடம் மருந்துச் சங்கதியை எப்படிச் சொன்னாளோ தெரியாது. சொல்லி மூன்றாம் நாள் காலை, மாத்திரையையும் தண்ணீரையும் அவனே மனைவியிடம் கொண்டுவந்து நீட்டினான்.

மெல்ல மெல்ல முகத்து வீக்கம் வடிந்தது. குரல் பழையபடி மெலிந்தது. ஒரு மழைநாளில் முற்றத்துக் கொக்கோ விதையை முழுக்க அவளே அள்ளி உள்ளே போட்டாள். ஸுஜூது மற்றப் பெண்களுடையதைப் போலச் சுருங்கியது. ஊருக்கு அது பெரிய ஏமாற்றம். நூர் போய்விட்டது என்றார்கள். காய்ச்சல் குழந்தைகள் அவள் கை பட்டும் அழுதன. "எப்பிடித் தொழுதுகிட்டு இருந்த மனுஷி. அந்த டாக்டர் மாத்திரையக் குடுத்துக் கெடுத்துட்டான்" என்று மஸீனா ரோடு முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

ஸுபைதா புறப்படுகிற நாள் வந்தது. கலேவெலைக்குப் போகத் தம்புள்ளைப் பஸ்ஸைப் பிடிக்கப் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பையில் ஒரு சின்னச் சட்டைகூட இல்லை. ஹமீமா அவள் மடியில் இருந்தாள். பிள்ளையைப் பற்றி அவள் பேச்சே எடுக்கவில்லை, எடுக்கமாட்டாள் என்பது கைறுன்னிஸாவுக்கு விளங்கிவிட்டது. அன்றைக்கு ஒரு குரல் கொடுத்திருந்தால் இந்தப் பிள்ளை அவளோடு போயிருக்கும். கொடுக்காமல், பிள்ளையின் உம்மாவைக் குணமாக்கி வைத்துவிட்டு, வெறுங்கையோடு போகிறாள். பிள்ளையைக் கொடுக்க அவளால் முடியாது. கொடுக்க வேறு என்ன இருக்கிறது?

லுஹர் முடித்து, இரண்டு ரக்அத் நபிலுக்கு நின்றாள். ஸுஜூதில் குனிந்தாள். இந்தத் தடவை கேட்பதற்கு நிறைய இருந்தது. மதினிக்கு ஒரு பிள்ளை, அது இல்லையென்றால் அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருக்கிற மனசுக்கு ஒரு ஆறுதல் என்று கேட்டுக்கொண்டே கிடந்தாள். கண்ணீர் பாயை நனைத்தது. ஒரு வருஷமாக ஊருக்குக் காட்டிய ஸுஜூதை அவள் அன்றுதான் உண்மையாகச் செய்தாள்.

"உம்மா திரும்பவும் தூங்கிட்டா" என்று ஹிதாயா வாசலில் அறிவித்தாள்.

"எழுப்பு, எழுப்பு. மாத்திரை குடிச்சாளான்னு கேளு" என்று இத்ரூஸ் கடையிலிருந்து கத்தினான். ஸக்கரியா தோளைப் பிடித்து உலுக்கினான். ஹமீமா ஸுபைதாவின் மடியிலிருந்து இறங்கி ஓடிவந்து முதுகில் ஏறினாள். ரோட்டில் பஸ் ஹோர்ன் கேட்டது.

ஸுபைதா எழுந்து வந்தாள். குனிந்து, கைறுன்னிஸாவின் பாதத்தில் கையை வைத்தாள். பாதம் சூடாக இருந்தது.

"விடுங்க" என்றாள் பிள்ளைகளைப் பார்த்து. "உம்மா தூங்கல்ல. தொழுறா."

பிறகு ஹமீமாவைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு பாயோரமாக உட்கார்ந்தாள். பஸ் வந்து நின்றது, கொஞ்ச நேரம் பார்த்தது, போய்விட்டது. அவள் எழும்பவில்லை.